மோட்டாரு ஓடுது, தண்ணி எங்க போச்சு?

புது இம்பெல்லர் போட்ட அன்னைக்கே தண்ணி குறையுது. பழசு தேஞ்சு போச்சுன்னுதானே புதுசு போட்டோம்?

இப்போ எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கல. அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். கெணறும் மோட்டாரும் வெச்சிருக்கிறவங்க பொறுமையா படிங்க. இல்லாதவங்களும் படிங்க, உங்க வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற குட்டி மோட்டாருக்குள்ள இருக்கிறதும் இதே சாமானுங்கதான்.

நம்ம காடு மேட்டூர்ல இருந்து கொஞ்சம் தள்ளி. மேட்டூர் அணைன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு டெல்டாதான் நெனப்பு வரும். 1934-ல கட்டி முடிச்சது, 120 அடி, 93.47 டி.எம்.சி., இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அணைக்குப் பக்கத்துலயே இருக்கிற எங்க ஆளுங்களுக்குக் கிடைக்கிறது கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால் தண்ணி. சேலம், நாமக்கல், ஈரோடு மூணு மாவட்டத்துலயும் சேர்த்து 45,000 ஏக்கர் பாயும். ஆகஸ்ட் 1-ல தொறந்து டிசம்பர் 15-ல அடைக்கிறது வழக்கம். வாய்க்கால் ஓடுற வரைக்கும் கெணத்துல ஊத்து நல்லா இருக்கும். அடைச்சதும் தண்ணி கீழ இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் நிலக்கடலையோ பருத்தியோ மரவள்ளியோ, எதுவா இருந்தாலும் மோட்டார் எடுத்துக் குடுக்கிற தண்ணிதான்.

எங்களுது 5 எச்பி மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒண்ணாச் சேர்ந்தது. கெணத்துக்குள்ள பாதியில ஒரு திட்டு கட்டி அது மேல உக்கார வெச்சிருக்கு. நம்ம பக்கம் பழைய கெணறு எதை எட்டிப் பாத்தாலும் இந்தத் திட்டு இருக்கும். ஏன்னா மேல வெச்சா தண்ணி ஏறாது. பம்பு தண்ணியை உறிஞ்சுதுன்னு பேச்சுக்குச் சொல்றோம், உண்மையில கெணத்துத் தண்ணியை மேல தள்ளுறது வெளிக்காத்தோட அழுத்தம். பம்பு உள்ள வெற்றிடம் பண்ணிக் குடுக்குது, அவ்வளவுதான். காத்தால தள்ள முடியிறது கணக்குப்படி சுமார் 33 அடி. நடைமுறையில 20, 22 அடி தாண்டினாலே திணறும். அதனாலதான் பம்பைத் தண்ணிக்குப் பக்கத்துல இறக்கி வெக்கிறது. எங்க தாத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியுமான்னு தெரியல. திட்டு மட்டும் சரியான எடத்துல கட்டியிருக்காரு.

சரி, விஷயத்துக்கு வரேன்.

போன கோடையில தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. எங்க அப்பாகிட்ட ஒரு நல்ல பழக்கம். டெலிவரி குழாய்த் தண்ணி விழுற எடத்துல 200 லிட்டர் டிரம்மை வெச்சு, அது ரொம்புறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்து, ஸ்டார்ட்டர் பொட்டி மூடியில சாக்பீஸால எழுதி வெப்பாரு. நல்லா இருந்த காலத்துல 25 செகண்டு. அதாவது செகண்டுக்கு 8 லிட்டர். அது 31, 32-ன்னு போயிடுச்சு. மெக்கானிக் வந்து கழட்டிப் பாத்து, "இம்பெல்லர் தேஞ்சு போச்சுங்ண்ணா, மாத்திடலாம்"னாரு. நியாயமான பேச்சு. இம்பெல்லர்னா பம்புக்குள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளுற சக்கரம். அதோட இறக்கை, அதாவது வேன், எல்லாம் முனை மழுங்கி இருந்துச்சு. டவுன்ல ஒரு கடையில இருந்து அவரே வாங்கிட்டு வந்து போட்டாரு. அட்டைப்பொட்டி, மேல கம்பெனி பேரு, எல்லாம் ஜோரா இருந்துச்சு.

போட்டுட்டு டிரம்மை வெச்சா, 40 செகண்டு.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை எரிச்சலாக்குனது. சாமான் மேல யாருக்கும் சந்தேகமே வரல. புதுசாச்சே! புட்வால்வு லீக்குன்னாங்க, மாத்தியாச்சு. 40 அப்படியே நிக்குது. சக்ஷன் குழாய் ஜாயின்ட்ல காத்து இழுக்குதுன்னாங்க, நூல் சுத்தி, பெயின்ட் அடிச்சு இறுக்கியாச்சு. அதே 40. கடைசியா, "காயில் வீக் ஆயிடுச்சுங்ண்ணா, மோட்டாரை எடுத்துட்டுப் போய் காயில் கட்டிடலாம்". அங்கதான் நான் கையைக் காட்டி நிறுத்துனேன்.

ஏன்னா ஆம்பியர் மீட்டர் வேற கதை சொல்லுது.

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன், நெறைய பேருக்கு உதவும். 5 எச்பி மும்முனை மோட்டார்னா முழு லோடுல சுமாரா ஏழரை, எட்டு ஆம்பியர் இழுக்கும். காயில் பழுது, பேரிங் இறுக்கம், இம்பெல்லர் கேசிங்ல உரசுறது, இதுல எதுன்னாலும் ஆம்பியர் ஏறும். வோல்டேஜ் குறைஞ்சாலும் ஏறும். எங்களுக்கு முன்ன இழுத்ததை விடக் குறைச்சலா இழுக்குது. தண்ணியும் கம்மி, ஆம்பியரும் கம்மின்னா என்ன அர்த்தம்? மோட்டாருக்கு வேலையே போய்ச் சேரல. காத்து நுழையுது, இல்ல எங்கயோ அடைப்பு, இல்ல இம்பெல்லரே அந்த வேலைக்கு ஆனது இல்ல. இதுல காத்தும் அடைப்பும் பாத்தாச்சு.

(நடுவுல ஒரு விஷயம். மோட்டாரைக் கழட்டி மாட்டுனாலே முதல்ல பாக்க வேண்டியது எந்தப் பக்கம் சுத்துதுன்னு. மும்முனையில ரெண்டு ஒயர் மாறிட்டா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். அப்பவும் தண்ணி வரும்ங்க! மோனோபிளாக் எதிர்ப்பக்கம் சுத்தினாலும் கொஞ்சம் தண்ணி தள்ளும், அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கறது இல்ல. கேசிங் மேல அம்புக்குறி போட்டிருக்கும். நிறுத்தும்போது மெதுவா சுத்துறப்போ பாத்தாலே தெரிஞ்சுடும். காயில் கட்டி வந்த மோட்டார்ல இது அடிக்கடி நடக்கிறது.)

எங்க அக்கா பையன் ஈசிஆர் பக்கம் ஒரு படகுத்துறையில வேலையில இருக்கான். வாட்டர் ஸ்கூட்டர் பாத்திருப்பீங்களே, பைக் மாதிரி தண்ணி மேல சீறிட்டுப் போகுமே, ஜெட் ஸ்கி, அதைப் பாத்துக்கிறது அவன் வேலை. போன்ல இந்தப் புலம்பலைச் சொன்னதும் கேட்டான்: "மாமா, இம்பெல்லருக்கும் ரிங்குக்கும் எவ்வளவு கேப்பு? அளந்தீங்களா?"

அந்த வண்டிக்குள்ள இருக்கிறதும் பம்புதானாம். வெளிய விசிறி கிடையாது. அடியில தண்ணியை இழுத்து, ஒரு இம்பெல்லர் வழியா பின்னாடி பீச்சி அடிக்கும், அந்த வேகத்துல வண்டி முன்னாடி போகும். இம்பெல்லரைச் சுத்தி வேர் ரிங்னு ஒரு வளையம். ஆழமில்லாத எடத்துல ஓட்டி மணலை இழுத்துட்டா அந்த வளையம் கீறிப் போயிடும். கேப்பு கொஞ்சம் கூடினாலே பின்னாடி போக வேண்டிய தண்ணி அந்தச் சந்துல திரும்பி வந்துடும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. சீ-டூங்கிற பிராண்டு வண்டிகள்ல நெறைய மாடலுக்கு அந்த வளையத்தை வேணும்னே பிளாஸ்டிக்குல பண்ணியிருக்காங்க. கல்லு கில்லு மாட்டினா வளையம் போகட்டும், இம்பெல்லர் பொழைக்கட்டும்னு. "வெளிச்சாமான் ரிங்கு, அதாவது வண்டிக் கம்பெனி பண்ணாதது, சிலது பாக்க அப்படியே இருக்கும் மாமா. உக்கார வெச்சா ஒரு பக்கம் ஒட்டும், ஒரு பக்கம் ஓட்டையா நிக்கும். ஆளுங்க எஞ்சினைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க"ன்னான்.

எனக்கு அப்படியே நம்ம கெணத்தைச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

ஒரே ஒரு வித்தியாசம். அவன் வண்டியில லோடு குறைஞ்சா எஞ்சின் வேகம் ஏறும், காதுலயே தெரிஞ்சுடும். நம்ம கரன்ட் மோட்டார் லோடு இருந்தாலும் இல்லன்னாலும் கிட்டத்தட்ட ஒரே வேகம், நிமிஷத்துக்கு 2,900 சுத்துக்குப் பக்கம். சத்தத்துல ஒண்ணும் பெருசா மாறாது. நமக்கு ஆம்பியர் மீட்டர்தான் காது. அது இல்லாத ஸ்டார்ட்டர் பொட்டி இன்னும் எத்தனை காட்டுல இருக்கு! முள்ளு ஆடாத மீட்டரை அப்படியே விட்டு வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு மாத்திடுங்க.

பம்பைக் கழட்டி, பழைய இம்பெல்லர், புது இம்பெல்லர் ரெண்டையும் தூக்கிட்டு லேத்துப் பட்டறைக்குப் போனேன். (பழசு கோணிப்பையில இருந்துச்சு, நல்லவேளை இரும்புக்காரனுக்குப் போகல.) அங்க ஒரு பெரியவர் இருக்காரு. சாமானைக் கையில வாங்குனா முதல்ல பேரு பாக்க மாட்டாரு, வெர்னியரைத்தான் எடுப்பாரு.

பழசோட விட்டம் 165 மி.மீ. புதுசு 157.

"எட்டு மில்லி கம்மியாச்சேப்பா"ன்னாரு.

பக்கத்துல நின்ன மெக்கானிக், "எட்டு மில்லிதானேங்க, அதுல என்ன ஆயிடப் போகுது?"ன்னு கேட்டாரு. அவரைக் குத்தம் சொல்லல. கையில வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

என்ன ஆயிடும்னு சொல்றேன். இம்பெல்லர் விட்டம் குறைஞ்சா, தண்ணியை எவ்வளவு உயரம் தள்ள முடியும்ங்கிறது விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி குறையும். 165 எங்க, 157 எங்க? விட்டத்துல 5 சதவீதம்தான் குறைச்சல். உயரத்துல கிட்டத்தட்ட 10 சதவீதம் போயிடும். எங்க பம்பு டெலிவரி வால்வை மூடி வெச்சா அதிகபட்சம் 110 அடிக்குத் தள்ளும். புது இம்பெல்லரோட 100 அடி.

பத்து அடிதானே? இல்லீங்க. கெணத்துத் தண்ணி மட்டத்துல இருந்து மேட்டுத் தொட்டி வாய் வரைக்கும் எங்களுக்கு 80 அடி. அந்த 80 அடிக்குத் தூக்குறதுக்கே பம்போட பலத்துல பெரும்பகுதி போயிடும். மிச்சம் இருக்கிற பலத்துலதான் தண்ணி வேகமா ஓடும். முன்ன மிச்சம் 30 அடி, இப்போ 20 அடி. மூணுல ஒரு பங்கு காணாமப் போச்சு! ஆழக் கெணறு, மேட்டுத் தொட்டின்னு இருக்கிறவங்களுக்கு எட்டு மில்லி இந்த அடி அடிக்கும். பள்ளத்துல வாய்க்கால் ஓரமா பம்பு வெச்சு ரெண்டு ஆள் உயரத்துக்குத் தள்ளுறவங்க இதே இம்பெல்லரைப் போட்டா பெருசா ஒண்ணும் தெரியாது. கடைக்காரரு, "எல்லாருக்கும் நல்லாத்தான் ஓடுது, உங்களுக்கு மட்டும் என்ன?"ன்னு கேட்டதுக்கு விடை இதுதான்.

பெருசா இருந்தா நல்லதான்னு கேப்பீங்க. அது இன்னும் மோசம். மோட்டார் இழுக்கிற சக்தி விட்டத்தோட மும்மடிக்கு ஏறும். 5 சதவீதம் பெருசுன்னா 15 சதவீதத்துக்கு மேல கூடுதல் லோடு. தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்தும், எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும், வோல்டேஜ் இறங்குற ஒரு சாயங்காலம் காயில் புகைஞ்சுடும்.

பெரியவர் அதோட விடல. இம்பெல்லர் கழுத்தை அளந்தாரு. தண்ணி உள்ள நுழையிற வாயைச் சுத்தி ஒரு கழுத்து இருக்கும், அது கேசிங்ல இருக்கிற ரிங்குக்குள்ள உக்காரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பக்கத்துக்குக் கால் மில்லி அளவுக்கு சந்து இருந்தா போதும். எங்களுதுல ஒரு மில்லி இருந்துச்சு. பாதி ரிங்கு தேஞ்சதுனால, பாதி புதுக் கழுத்து சின்னதா இருந்ததுனால. பைக் டாப்பெட் செட் பண்ற பீலர் கேஜை உள்ள விட்டுக் காட்டினாரு, தாராளமா போய் வருது. மேல போக வேண்டிய தண்ணி இந்தச் சந்துலயே சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்திருக்கு.

வார்ப்புலயும் குறை. வேனுக்கு நடுவுல விரலை விட்டா மணல் ஒட்டின மாதிரி சொரசொரப்பு. ஒரு பக்கம் தகடு கனம், ஒரு பக்கம் லேசு. ரெண்டு கத்தி மேல அதை உருட்டி வெச்சாரு, ஒவ்வொரு தடவையும் அதே பக்கம்தான் கீழ வந்து நிக்குது. அப்படி ஒரு பக்கம் கனமா இருக்கிறது 2,900 சுத்துல சுத்தினா அதிர்வு. அதிர்வு போய் அடிக்கிற எடம் பேரிங்கும் சீலும். ஆறு மாசம் கழிச்சு சீல்ல தண்ணி ஒழுகுனா அப்போ சீல் கம்பெனியைத் திட்டுவோம்!

சீல்னு சொன்னதும் இன்னொண்ணு. மெக்கானிக்கல் சீல்ல ரெண்டு முகம் இருக்கும், ஒண்ணு கார்பன், ஒண்ணு செராமிக். கண்ணாடி மாதிரி வழவழன்னு தேய்ச்சிருப்பாங்க. மாட்டும்போது அந்த முகத்துல விரல் படக்கூடாது, கிரீஸ் தடவக்கூடாது. தண்ணி இல்லாம மோட்டாரை ஓட விட்டா அது சூடேறும், சூடா இருக்கிறப்போ தண்ணி பட்டா செராமிக் படீர்னு விரியும். நல்ல சீலா இருந்தாலும் இதுதான் கதி. மட்டமான சீல்ல ரப்பர் சீக்கிரமே கல்லு மாதிரி இறுகிடும், ஸ்பிரிங் துருப்பிடிச்சுடும். சீல் இல்லாம கிளாண்டு கயிறு போட்ட பழைய பம்பு வெச்சிருக்கிறவங்களுக்கு: சொட்டுச் சொட்டா தண்ணி விழுறதை நிறுத்தாதீங்க. அந்தச் சொட்டுதான் ஷாஃப்டைக் குளிர வெக்குது. ஒரு சொட்டும் வரக்கூடாதுன்னு நட்டை முறுக்கினா ஸ்லீவ்ல பள்ளம் விழுந்துடும்.

பேரிங்குல போலி ரொம்ப ஜாஸ்தி. ஆனா அளவுல குழப்பம் வராது. 6306-னு நம்பர் இருந்தா கடைசி 06-ஐ அஞ்சால பெருக்குங்க, 30. உள்விட்டம் 30 மி.மீ. இந்தக் கணக்கு எல்லா கம்பெனிக்கும் ஒண்ணுதான், அதனால நம்பர் தெரிஞ்சா யாரு பண்ணதையும் வாங்கலாம். வெளிச்சாமான் தப்பே இல்லங்கிறதுக்கு பேரிங்தான் சாட்சி. அளவுக்கு ஊரறிஞ்ச நம்பர் ஒண்ணு இருக்கு, அதை வெச்சு வாங்குறோம், சரியா உக்காருது. அக்கா பையன்கூட அதான் சொன்னான். தைவான்ல சோலாஸ்னு ஒரு கம்பெனி ஜெட் ஸ்கிக்கு இம்பெல்லர் பண்ணுதாம். வண்டிக் கம்பெனி பண்ணது இல்ல, வெளிச்சாமான்தான். எந்த மாடல், எந்த எஞ்சின், பிட்ச் எவ்வளவுன்னு பாத்து வாங்குறாங்க. விரும்பி வாங்குறவங்களும் நெறைய.

நம்ம மோனோபிளாக் இம்பெல்லருக்கு அப்படி ஒரு நம்பர் கடையில கேக்குற பழக்கமே இல்ல. "5 எச்பிக்கு ஒரு இம்பெல்லர் குடு." அவ்வளவுதான் பேச்சு! 5 எச்பியில ஆழத்துக்கு ஒண்ணு, அதிகத் தண்ணிக்கு ஒண்ணுன்னு எத்தனையோ மாடல். ஒண்ணோட இம்பெல்லர் இன்னொண்ணுக்கு ஆகாது.

பம்புசெட்டு மேல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079-னு தரம். இத்தனை அடிக்கு இத்தனை லிட்டர், இவ்வளவு கரன்டுன்னு சோதிச்சுத்தான் அந்த முத்திரை. அது முழு பம்புக்குத்தான். இம்பெல்லரை மட்டும் அளவு தெரியாம மாத்திட்டா, மேல ஒட்டியிருக்கிற தகட்டுல இருக்கிற எண்ணுக்கும் உள்ள சுத்துற சாமானுக்கும் சம்பந்தமே இல்ல. தகடு மட்டும் பளபளன்னு இருக்கும்.

வருத்தம் என்னன்னா, இதெல்லாம் எங்கயோ சீமையில செய்யிற சாமான் இல்ல. இந்தியாவுல ஓடுற பம்புல பெரும்பங்கு கோயம்புத்தூர்ல வார்த்தது. 1920-கள்லயே அங்க பம்பு பண்ண ஆரம்பிச்சாச்சு. 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டோட முதல் மின் மோட்டாரைச் செஞ்ச ஊரு. மேட்டூர்ல இருந்து காலையில பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போய் நிக்கலாம். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு, எங்க வார்த்ததுன்னே தெரியாத இம்பெல்லரை கம்பெனி அட்டையில போட்டு நம்ம ஆளுங்ககிட்ட விக்கிறாங்க. விவசாயத்துக்குக் கரன்டு இலவசம்ங்கிறதால நஷ்டம் பில்லுல தெரியறதும் இல்ல. ரெண்டு மணி நேரத்துல பாயிற காடு மூணு மணி நேரம் ஆகும். மடை மாத்திவிட ராத்திரி கூடுதலா ஒரு மணி நேரம் ஒருத்தர் முழிச்சிருப்பாரு. பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பொம்பளை.

முடிவா என்ன பண்ணோம்னா, பம்பு மேல இருந்த மாடலையும் வரிசை எண்ணையும் எழுதிட்டுப் போய் கம்பெனி டீலர்கிட்ட இம்பெல்லர் வாங்கினோம். வெலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வாங்குற எடத்துலயே வெர்னியர் போட்டுப் பாத்தேன், 165 இருந்துச்சு. ரிங்கு மட்டும் லேத்துப் பெரியவரே கன்மெட்டல்ல கடைஞ்சு, அந்தக் கழுத்துக்கு ஏத்தபடி உக்கார வெச்சுக் குடுத்தாரு. அதுவும் வெளிச்சாமான்தான், ஆனா அளந்து செஞ்சது. மாட்டி, கையால சுத்திப் பாத்தோம், எங்கயும் உரசல. சுவிட்சைப் போட்டு டிரம்மை வெச்சா 25 செகண்டு. ஆம்பியரும் பழைய எடத்துக்கு வந்துடுச்சு. அப்பா சாக்பீஸை எடுத்துட்டுப் போனாரு.

ஒண்ணு விட்டுட்டேனே. பம்பு உள்ள சரளைக்கல்லை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம் வந்தா உடனே இம்பெல்லரைப் பழிக்காதீங்க. தண்ணி மட்டம் ரொம்ப இறங்கிப் போய், சக்ஷன்ல அழுத்தம் குறைஞ்சு, தண்ணியிலயே ஆவிக் குமிழி உண்டாகி இம்பெல்லர்ல வெடிக்கிற சத்தம் அது. அப்படியே ஓட்டினா அசல் இம்பெல்லரையும் அரிச்சுக் குழி குழியாக்கிடும். கோடையில அணை இறங்கி, தண்ணிக்குள்ள இருக்கிற பண்ணவாடி நந்தி சிலை வெளிய தெரியிற காலத்துல, தண்ணி விலக விலக குழாயை நீட்டிக்கிட்டே போறவங்க இதை நல்லா கவனிக்கணும். பம்பை எடுத்துத் தண்ணிக்குக் கிட்ட வெக்கிறதுதான் நல்ல வழி.

பம்பு கம்பெனிக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பம்போட ஒரு சின்ன புத்தகம் குடுக்கிறீங்கள்ல? அதுல இம்பெல்லர் விட்டம், கழுத்து விட்டம், ரிங்கு உள்விட்டம், சீல் அளவு, பேரிங் நம்பர், இந்த அஞ்சையும் தமிழ்ல அச்சடிச்சுக் குடுங்க. படிக்கிறவங்களும் இன்னைக்கே, பம்பு நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே, டிரம்மை வெச்சு நேரம் பாத்து, ஆம்பியரையும் பாத்து, ஸ்டார்ட்டர் பொட்டி மூடிக்கு உள்பக்கம் பெயின்ட்டுல எழுதி வெச்சுடுங்க. கழட்டின பழைய சாமானைப் புதுசு சரியா ஓடுற வரைக்கும் இரும்புக்காரருக்குப் போடாதீங்க.